எட்டுக்கு அப்புறம்

தலையைத் தூக்காதீங்க சார். தூக்கினீங்கன்னா மறுபடி பிடிச்சுக்கும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. கட்டில்ல இருக்கற அந்த ஓட்டைக்குள்ள மூஞ்சியை வெச்சு, தரையைப் பாத்துட்டு, சும்மா படுங்க. மூணு நாளா நீங்க பேசினீங்க, நாங்க கேட்டோம். இப்ப கொஞ்சம் நான் பேசுறேன்.

கோபமா? எனக்கா? பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன். இடுப்பு பூட்டிக்கிட்டுக் குப்புறக் கிடக்கறீங்க, மூச்சு விடவே முக்கறீங்க, அப்பவும் கிளாஸ் எடுக்கறதை விட மாட்டேங்கறீங்க. கோபமா இருக்கீங்க போலத் தெரியுதேன்னு கேக்கறீங்க. நீங்க சொல்லிக் குடுத்த பாடம்தானே சார் அது. எதிர்ல இருக்கறவங்க மனசுல என்ன ஓடுதோ அதைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டணும், கடைசியில போலத் தெரியுதுன்னு முடிக்கணும். நேத்து ராத்திரி என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லிப் பாத்தேன். பசியா இருக்கீங்க போலத் தெரியுதுன்னேன். அந்த மனுஷன் பயந்துட்டாரு.

வலிக்குதா? வலிக்கும். வலது பக்கம் கயிறு முறுக்கின மாதிரி இருக்கு. ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு? ஏழா? போன தடவை அழுத்தினப்ப ஒன்பதுன்னீங்க. அப்ப கொறைஞ்சிருக்கு. எனக்கு அது போதும். கொறைஞ்சதைப் பத்தி உங்க மனசுக்கு எப்படி இருக்குன்னு நான் கேக்கப் போறது இல்ல.

உண்மையைச் சொல்லுங்க சார், யாராவது அப்படித் தூக்குவாங்களா? உடம்பு பாக்கறதே தொழிலா இருக்கறவங்க ஹால் முழுக்க உக்காந்திருக்கோம். எங்க கண்ணு முன்னாடி முட்டியை மடக்காம, முதுகை வில்லு மாதிரி வளைச்சு, அந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கறீங்க. மூணு வரிசையும் ஒண்ணா ஐயய்யோன்னுச்சே, கேட்டுச்சா? உங்களுக்கு எங்க கேட்டிருக்கும், நீங்கதான் அம்மான்னு கத்திட்டிருந்தீங்களே. எல்லாரும் ஓடி வந்தாங்க. நான் வரல. உக்காந்த இடத்துலயே இருந்தேன். கவனிச்சிருப்பீங்க, நீங்கதான் எல்லாத்தையும் கவனிக்கறவராச்சே.

எங்க பிசியோதெரபி ஹெட்தான் காதுகிட்ட வந்து கெஞ்சினாரு. உன் கைதான் சரிப்படும், நீயே பாரும்மா, மத்தியானம் டைரக்டர் வர்றாரு, மத்த கிளையில இருந்தெல்லாம் பெரிய ஆளுங்க வர்றாங்க, சார் நின்னு பேசியாகணும், அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியாகணும்னாரு. அந்த வீடியோ. அதைச் சொல்லும்போது அவர் முகத்துல அப்படி ஒரு பெருமை. அதுக்கப்புறம்தான் எழுந்து வந்தேன்.

மூச்சை இழுங்க. விடுங்க. இன்னும் விடுங்க, உள்ள என்னத்தைச் சேத்து வெக்கறீங்க?

என்னைப் பத்தி ஹெட்கிட்ட நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். மறைக்காதீங்க, அவருக்கு எதையும் வயித்துக்குள்ள வெச்சுக்கத் தெரியாது. இந்தம்மா கை நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசு இறுகிப் போயிருக்கு, கத்துக்கறதுக்கு எதிர்ப்பு காட்டுறாங்க, கொஞ்ச காலம் நோயாளிங்ககிட்ட நேரா விடாம மெஷின் ரூம்ல போடுங்கன்னு சொன்னீங்களாம். மெஷின் ரூம். பொத்தானை அமுக்கிட்டு, மணி அடிச்சா ஒயரைக் கழட்டணும். சரி சார். மனசு இறுகிப் போனவ கையிலதான் இப்ப உங்க முதுகு இருக்கு. அசையாதீங்கன்னு சொன்னேன்ல.

ஒண்ணு சொல்லட்டுமா, முதல் நாள் எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு. நிஜமாத்தான். நமக்கு எதுக்குடா மனசு கினசெல்லாம், அதுக்கு வேற டாக்டர் இருக்காங்களேன்னு நெனச்சுட்டுத்தான் வந்து உக்காந்தேன். ஆனா நீங்க ஒண்ணு சொன்னீங்க. வலியோட வர்றவங்களைப் பாத்து உனக்கு என்ன கோளாறுன்னு கேக்காதீங்க, உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்கன்னீங்க. அது எங்கயோ போய்த் தச்சுது. அன்னைக்குச் சாயங்காலமே ஒரு லாரி டிரைவர்கிட்ட கேட்டுப் பாத்தேன். கழுத்து திரும்பாம ரொம்ப நாளா வந்துட்டிருக்கற ஆளு. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கறவரு. என்னங்க நடந்துச்சுன்னேன். கழுத்துல கிடந்த துண்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு. அப்புறம் சொல்றாரு, ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு தடவை தெரியாம கூட வர்ற கிளீனர் மேல ஏத்தியிருப்பேன், மயிரிழையில தப்பிச்சான், அதுல இருந்து பின்னாடி திரும்பிப் பாக்கவே பயமா இருக்குன்னு. எக்ஸ்ரேல இதெல்லாமா சார் தெரியும்? மறுநாள் அந்தக் கழுத்து ஒரு விரக்கடை கூடுதலாத் திரும்புச்சு. எனக்கு உங்க மேல மரியாதையும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. இத்தனை வருஷமா இதை எனக்கு ஏன் யாரும் சொல்லலைன்னு.

அதனால நான் எதிர்ப்பு காட்டுறவள்னு நீங்க சொன்னது தப்பு. உங்களை முதல்ல நம்பினதே நான்தான்.

இருங்க, ஒத்தடம் மாத்துறேன். இந்தத் துணி ஆறிப் போச்சு. இந்த ரூம் இப்படித்தான், ஜன்னலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு அங்க ஏசி ஹாலு, மைக்கு, பெரிய திரை. எங்களுக்கு ஒரு ரெக்சின் கட்டில், ஒரு திரைச்சீலை, மூலையில கர்ர்ருனு ஒரு ஃபேன். அதுவும் திரும்பறதுல ஒரு பக்கம் மாட்டிக்கும். அதுக்கும் கழுத்து வலி போல.

சிரிக்காதீங்க, இழுத்துக்கும்.

நீங்க சிரிக்க வெக்கறதுல கெட்டிக்காரர்தான், அதை ஒத்துக்கறேன். முதல் நாளே ஆரம்பிச்சுட்டீங்களே. அந்த டீ கொண்டு வர்ற அம்மா வாசல்ல நின்னு கதவைத் தட்டினாங்க. கதவு என்னமோ விரியத் திறந்துதான் இருந்துச்சு. நீங்க மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா, கதவு திறந்துதான் இருக்கு, இதுக்கு மேல திறக்கணும்னா சுவரைத்தான் இடிக்கணும்னீங்க. ஹாலே குலுங்குச்சு. அந்தம்மாவும் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சதால நானும் சிரிச்சேன்.

அப்புறம் வந்துச்சு ரெண்டாம் நாளு.

சொல்லுங்க, அந்த வீடியோ உங்களுக்கு எங்க கிடைச்சுது? ஹெட் குடுத்தாரா. அதானே. பயிற்சிக்கு வர்ற பசங்க பாத்துப் படிக்கறதுக்காக எடுத்து வெச்ச பழைய வீடியோ அது. தோள் எவ்வளவு தூரம் ஏறுது, எங்க மாட்டுதுன்னு பாக்கறதுக்கு எடுத்தது. தோளைப் பாக்கறதுக்குன்னுதான் அந்த நோயாளியும் சரின்னாங்க. அதுல நீங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் கலைச்சு விட்டுட்டீங்க, குரலைத் தகர டப்பாக்குள்ள பேசற மாதிரி மாத்திட்டீங்க. அதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டீங்க. பெருசா என்ன இருக்கு அதுல? ஒரு பொம்பளை உக்காந்திருக்காங்க. தோள் இறுகிப் போய்க் கையைத் தூக்க முடியல. பக்கத்துல ஒருத்தி நின்னு கையைத் தாங்கிப் பிடிச்சுட்டு எண்ணிட்டிருக்கா. அஞ்சு, ஆறு. அந்தம்மா பாதியில அழறாங்க. நான் அன்னைக்குக் கதவைத் தட்டியிருக்கணும், தட்டியிருக்கணும்னு அழறாங்க. இவ ஏழுங்கறா. அந்தம்மா உடம்பே குலுங்குது. இவ எட்டுங்கறா. அங்க நிறுத்திட்டீங்க.

அந்த எட்டுக்கு விழுந்துச்சே சார் ஒரு சிரிப்பு! எங்க கூட வேலை பாக்கற ஒருத்தன் இருக்கான், ஸ்பிரிங்குன்னு கூப்பிடுவோம், ஒரு இடத்துல நிக்க மாட்டான். அவன் எழுந்து, லிஃப்ட்ல மாடி நம்பர் சொல்ற பொம்பளை மாதிரியே இருக்கு சார்னான். நீங்களும் சிரிச்சீங்க. சும்மா பல்லு தெரியாம சிரிச்சீங்க, ஆனா சிரிச்சீங்க. அப்புறம் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீங்க, இந்த மாதிரி ஒரு சிகிச்சைக்காரிக்கு என்ன பேரு வெக்கலாம்னு. கல்லுன்னாங்க ஒருத்தங்க. மெஷின்னாங்க. தினமும் என் தட்டுல கை போட்டுச் சாப்பிடற ஒருத்தி, கசாப்புக்காரின்னா. எல்லாத்தையும் வெள்ளைப் பலகையில அழகா எழுதினீங்க. உங்க கையெழுத்து நல்லா இருக்கு சார்.

அதோட விட்டீங்களா? இன்னொரு தடவை போடுறேன், இப்ப அந்த நோயாளி என்ன சொல்றாங்கன்னு மட்டும் காதைக் குடுத்துக் கேளுங்கன்னீங்க. சத்தத்தைக் கூட்டினீங்க. அப்பத்தான் வாசல்ல தட்டுற சத்தம் கேட்டுச்சு. நான் எழுந்து ஓடினேன். ஆமா, ஓடத்தான் செஞ்சேன். வாசல்லயே டீ ட்ரேயைப் பிடுங்கிட்டேன், கதவை இழுத்துச் சாத்திட்டேன். பின்னாடி மைக்ல உங்க குரல் வருது. பாத்தீங்களா, மனசுக்குக் கஷ்டமான இடம் வந்தா சிலருக்கு டீ ஞாபகம் வந்துடும், தப்பிச்சுப் போறதும் ஒரு தற்காப்புதான், அதை நாம புரிஞ்சுக்கணும்னீங்க. மறுபடி சிரிப்பு. டீயெல்லாம் தட்டுல கொட்டிப் போச்சு.

திரும்பி வந்ததும் என்கிட்ட வார்த்தை கேட்டீங்க. ஞாபகம் இருக்கா, நான் என்ன சொன்னேன்? யோசிங்க. நான் வார்த்தை சொல்லல. கேள்வி கேட்டேன். எட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சு சார்னு கேட்டேன். அதுக்கு நீங்க, அது நமக்கு முக்கியம் இல்லம்மா, இந்தப் பாடத்துக்கு இதுவரைக்கும் போதும்னீங்க. அதுக்கப்புறம்தானே எதிர்ப்பு, இறுக்கம், மெஷின் ரூமெல்லாம்.

இங்க பிடிக்குதா? இங்கதான் முடிச்சு. பல்லைக் கடிக்காதீங்க, கத்தணும்னா கத்துங்க. நான் நிறுத்த மாட்டேன். நிறுத்தினா இது இப்படியே உறைஞ்சுடும், மத்தியானம் நீங்க டைரக்டர் முன்னாடி கேள்விக்குறி மாதிரிதான் நிப்பீங்க.

நானா? பழி வாங்கறேனா? சார், பழி வாங்கணும்னா நான் ஒண்ணுமே பண்ண வேண்டாம். ஒத்தடத்தை வெச்சுட்டு ஒரு ஓரமா உக்காந்திருந்தாப் போதும்.

சரி, அந்த ஓட்டை வழியா உங்களுக்கு என்ன தெரியுது? தரை. அப்புறம்? என் காலு. சரி, காலுல என்ன? செருப்புதான். என்ன கலரு? நீலம். வலது கால் வாரைப் பாருங்க. நீல வாருல வெள்ளை நூல் போட்டுத் தச்சிருக்கு. நீல நூல் கிடைக்கல, வீட்டுல இருந்ததை வெச்சுத் தச்சுக் குடுத்தாங்க. அசிங்கமாத்தான் இருக்கும். புதுசு வாங்கச் சொல்லி எல்லாரும் சொல்லியாச்சு.

இதே செருப்பை எங்கயோ பாத்த மாதிரி இருக்கா?

நீங்கதான் அந்த வீடியோவை எத்தனையோ தடவை போட்டுப் பாத்திருப்பீங்களே. மூஞ்சியைக் கலைச்சீங்க, குரலை மாத்தினீங்க. காலை விட்டுட்டீங்க சார்.

தலையைத் தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! படுங்க. அப்படியே படுங்க. ஆமா, நான்தான். கல்லும் நான்தான், மெஷினும் நான்தான், கசாப்புக்காரியும் நான்தான். மன்னிப்பெல்லாம் அப்புறம் கேக்கலாம், இப்ப உங்க முதுகு மறுபடி இறுகுது. என் விரலுக்குத் தெரியுது. தளர்த்துங்க.

ஹெட்டுக்கா? அவருக்கு அது யாருன்னே தெரியல. அவரு வர்றதுக்கு முன்னாடி எடுத்தது, பழைய ஹாலு. ஸ்பிரிங்குக்கும் தெரியல. யாராவது சிகிச்சைக்காரி காலைப் பாப்பாங்களா?

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா?

அப்பாடா. இந்தக் கேள்விக்குத்தான் சார் நேத்துல இருந்து காத்துட்டிருந்தேன். முதல் நாள் நீங்க சொல்லிக் குடுத்த கேள்வி. ஊர்ல இருக்கற நோயாளிங்ககிட்டெல்லாம் கேக்கச் சொன்னீங்க. வீடியோல நின்னவகிட்ட மட்டும் கேக்கல.

எங்களுக்கு ஒரே அண்ணன். ஒரு நாள் காலையில குளிக்கப் போனவரு ரொம்ப நேரமா வெளிய வரல. எங்க அண்ணி வெளிய உக்காந்து துணி மடிச்சுட்டிருந்தாங்க. எப்பவும் பாட்டு பாடிக்கிட்டே குளிக்கற ஆளு, பாட்டு நின்னு போச்சு. வருவாரு வருவாருன்னு உக்காந்திருந்தாங்க. வேலைக்குப் போற மனுஷனை எதுக்கு அவசரப்படுத்தணும்னு தட்டல. அப்புறம் என்னமோ தோணி, தோளால இடிச்சே கதவை உடைச்சாங்க. ஒத்தை ஆளா. உள்ள அண்ணன் எப்பவோ போயாச்சு. அண்ணிக்குத் தோளு அன்னைக்குப் போனதுதான். கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. முதல்ல சதை கிழிஞ்ச வலி, அப்புறம் இறுக்கம். அதுக்கப்புறம் அந்தத் தோளைப் பிடிச்சு வெச்சது எதுன்னு எனக்கும் தெரியும் சார், உங்க கிளாஸுக்கு வராமயே தெரியும். எனக்கும் அவரு அண்ணன்தானே.

வீட்டுல ரெண்டு பேரும் அழுவோம். விடிய விடிய பேசுவோம். தட்டியிருந்தா இருந்திருப்பாரான்னு கேப்பாங்க, இல்ல அண்ணி, டாக்டரே சொல்லிட்டாரே அண்ணின்னு நானும் சொல்லிட்டே இருப்பேன். ஆனா இங்க வந்து கையைத் தூக்கும்போது மட்டும் அவங்களே ஒரு கட்டளை போட்டாங்க. இங்க பாரு, நான் அழுவேன். அழுதா நீ நிறுத்திடாதே, சமாதானம் சொல்லாதே, எண்ணிட்டே இரு. நீ எண்ணுற சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் ஏறணும், நீ நிறுத்திட்டா நான் கீழ விழுந்துடுவேன்னாங்க. அந்த ஏழு சொல்றதுக்கு நான் என்ன பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. எட்டு சொல்றப்ப என் தொண்டையில சத்தமே இல்ல. அதான் அப்படி மொட்டையா வந்துச்சு, லிஃப்ட்டு மாதிரி. அவன் சொன்னது சரிதான்.

எட்டுக்கு அப்புறம் ஒன்பது. ஒன்பதுக்கு அப்புறம் பத்து. பத்துல கை காதைத் தாண்டிச்சு. அவங்களே அந்தக் கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அதுவும் வீடியோல இருக்கு சார், நீங்க வெட்டின பாதியில. அது இந்தப் பாடத்துக்கு முக்கியம் இல்லைன்னுட்டீங்க.

இல்ல, நான் எதுவும் கேக்கப் போறது இல்ல. போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். மெஷின் ரூம்ல போட்டாலும் போடுங்க. கசாப்புக்காரின்னு பலகையில இன்னும் பெருசா எழுதினாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, என் தோல் தடிச்சது. எனக்காக நான் நேத்து எழுந்து ஓடல.

மெதுவா பக்கவாட்டுல திரும்புங்க. முட்டியை மடக்குங்க. கையை ஊணி எழுந்திருங்க. பாத்தீங்களா, வந்துச்சு. உக்காருங்க, உடனே நிக்காதீங்க. கண்ணைத் துடைச்சுக்கறதுன்னா அந்தத் துண்டு இருக்கு.

என்ன, அவங்க இப்ப எப்படி இருக்காங்களா? நல்லா இருக்காங்க. தோளு முக்கால்வாசி சரியாயிடுச்சு. அவங்களே தலை சீவிக்கற அளவுக்கு. கை தூக்க முடியாத அப்பவே இந்தச் செருப்பை மடியில வெச்சுத் தச்சுக் குடுத்ததும் அவங்கதான். இங்கயே கேன்டீன்ல வேலை வாங்கிக் குடுத்தேன். பெரிய ட்ரே நெறைய டீ, ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வருவாங்க. மூணு நாளா நீங்க குடிக்கறது அவங்க போட்ட டீதான். உங்களுக்குச் சக்கரை கம்மியா வேணும்னு முதல் நாளே பாத்து வெச்சிருக்காங்க. மத்தியானமும் அவங்கதான் ஹாலுக்குக் கொண்டு வருவாங்க. வீடியோ ஓடுற நேரமா, ஓடாத நேரமான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும். ஒரு பழக்கம் மட்டும்தான் விட்டுப் போகல. எந்தக் கதவா இருந்தாலும், விரியத் திறந்தே கிடந்தாலும்...

கேக்குதா?

வாங்க அண்ணி. திறந்துதான் இருக்கு.